கை மாறிய ஒருசந்தி

எங்கள் வீட்டில் தவக்காலம் வந்தால் நான் இளைக்க வேண்டும், என் வீட்டுக்காரர் தேற வேண்டும். யாரும் இதைச் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. சாம்பல் புதனுக்கு நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை நான் ஒருசந்தி பிடிப்பேன். நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. மற்ற வேளைகளுக்கு எனக்கென்று இருக்கும் சோறும் மீனும் வீணாகலாமா? அது அவர் தட்டுக்குப் போகும். பட்டினி கிடந்தவளுக்குப் புண்ணியம், சாப்பிட்டவருக்குப் புஷ்டி. எழுபதுகளில் காரைக்காலில் எங்கள் தெருவில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

எங்கள் இரண்டு பேரின் உடம்பையும் பார்த்தவர்கள் அதுதான் நியாயம் என்பார்கள். அவருக்குக் கையும் காலும் முருங்கைக்காய். கன்னம் ஒட்டியிருக்கும், கழுத்தெலும்பு தெரியும். சட்டையைக் கழற்றினால் மட்டும் நடுவில் ஒரு தொந்தி, யாரிடமோ இரவல் வாங்கி வைத்ததுபோல உருண்டு நிற்கும். நான் அதற்கு நேர் எதிர். மேலே பார்த்தால் சாதாரணப் பெண்பிள்ளை. இடைக்குக் கீழேதான் விஷயம். பின்பக்கமும் தொடையும் கலியாணத்தின்போதே கனம், இரண்டு பிள்ளை பெற்றதும் இன்னும் கனத்தன. கோயிலில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் நான் உட்கார வந்தால், ஏற்கெனவே இருப்பவர்கள் கேட்காமலே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்த நகர்தல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அவருடைய அக்கா இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். விசேஷ நாளில் எங்கள் வீட்டில் பரிமாறும் உரிமை அவருடையது. நான் கரண்டியைத் தொட்டால் முகம் மாறிவிடும். மீன் குழம்பில் நடுத்துண்டு எப்போதும் தம்பிக்கு. வாலோ தலையோ எனக்கு.

"அவன் எலும்பும் தோலுமா கெடக்கான். நீதான் ரெண்டாளு உடம்ப சொமக்கிற. கொஞ்சம் வாயக் கட்டு, சக்கர வந்துடப் போவுது" என்பார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்கு இப்போது தோன்றவில்லை. குண்டானவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் என்று ஊரே நம்பியது. ஆனால் நான் ஒவ்வொரு வருஷமும் ஒருசந்தியை ஆண்டவருக்காகப் பிடித்தேனா, அண்ணியின் வாய்க்குப் பயந்து பிடித்தேனா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். ரவிக்கை, பாவாடை, பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் நாளைக்கு வெள்ளை கவுன். காலையில் கழுத்தில் மாட்டும் அளவு நாடாவைச் சாயங்காலம்தான் கழற்றுவேன். ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே பாவாடை பொருந்தாது என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடை சுமந்து நடந்தே வரும் மீன்கார அக்காவுக்கு என்னைவிட இரண்டு அங்குலம் பெரிய சீட். பின்பக்கச் சுற்றளவுக்குத் தையல்காரர்கள் சொல்லும் பெயர் அது. அறுபது வயதிலும் அவருக்கு மூச்சு வாங்கிப் பார்த்ததில்லை. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் என் புத்திக்கு எட்டவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அவர் ஆபீசுக்குப் போடும் பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலில், உள்ளே கொஞ்சம் துணி மடித்து விட்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, பண்டிகைக்கு முன்னால், "கொஞ்சம் புடிக்குது, பிரிச்சு உடேன்" என்று கொண்டுவந்து கொடுப்பார். நான் பிரித்து, அரை அங்குலம் தள்ளித் தைத்துக் கொடுப்பேன். மடிப்புத் துணி தீர்ந்த பிறகு அதே நிறத்தில் துண்டு தேடி முக்கோண ஒட்டு வைத்தேன். நன்றாகப் போட்டு வளர்க்கிறேன் என்று உள்ளூரப் பெருமை வேறு. ஊரையெல்லாம் அளந்தவள் வீட்டில் இருந்ததை அளக்கவில்லை. விளக்குக்கு அடியில்தானே இருட்டு.

எடை பார்க்கவில்லையா என்றால், பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் அட்டை தள்ளும் மெஷின் ஒன்று இருந்தது. அவர் ஏறினால் அறுபது கிலோ. "கலியாணத்தப்ப இருந்ததுக்கு நாலு கிலோதான் கூட" என்று அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். என் அட்டையை நான் யாருக்கும் காட்டாமல் கிழித்துப் போட்டுவிடுவேன்.

என் மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கூடத்துச் சுவரில் அவர் படம், பெல்ட் இறுக்கிய சீருடையில், ஒட்டிய வயிற்றோடு. ஊருக்குத் திரும்பிய பின் அவருக்கும் இதே மெல்லிய கைகால், இதே தொந்தி. தெருவில் அதற்குப் பென்ஷன் தொந்தி என்று பெயர், மரியாதையாகத்தான் சொல்வார்கள். கடற்கரையில் ஒருநாள் கிளிஞ்சல் குத்திக் காலில் புண் வந்தது. ஆறவில்லை. பாதத்தை எடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. வயது ஐம்பத்து நாலு. சர்க்கரை இருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அண்ணி வெகுகாலம் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒல்லி மனுஷனுக்கு எங்கேருந்து சக்கர வரும்? கிளிஞ்சல் குத்தித்தான் போனாங்க" என்பார். ஆகவே தம்பிக்குத் தொந்தி வைத்ததும் அவர் பூரித்துப் போனார். அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தவக்காலம். அந்த வருஷம் எப்படியும் இளைத்தே தீருவது என்று வெறி பிடித்து, இருந்த ஒரு வேளைச் சோற்றையும் பாதியாக்கிவிட்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் முழங்கால் போட்டு எழ வேண்டும். ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழும் ஸ்தலத்தில் நானும் விழுந்தேன். பெண்கள் சூழ்ந்துகொண்டு தூக்கப் பார்த்ததும், "இன்னும் ரெண்டு பேரக் கூப்புடுங்க" என்று யாரோ சொன்னதும் கேட்டது. மயக்கத்திலும் அது மட்டும் காதில் விழ வேண்டுமா?

மறுநாள் காலை அவர் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாண்டிச்சேரியில் படித்த டாக்டர், வெட்டிப் பேச்சு பேசாதவர். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, "இவங்களுக்கு சக்கர இருக்கும்னு நெனைக்கிறேன் டாக்டர். ஒடம்பப் பாத்தாலே தெரியுதுங்களே" என்றார். எனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது? பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் காலத்துச் சோதனை எளிது. கம்பவுண்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று நிறம் போகப் போக ஆபத்து. என் குழாயைக் காய்ச்சியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் மாதா சேலையின் நீலம்.

டாக்டர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மி. என்ன சாப்புடுறீங்க?" என்றார். சொன்னேன். "அப்ப இது நோய் இல்ல. பசி" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு பசி என்று சொன்னால் எந்த நாத்தனார் ஒப்புவாள்? அதைத்தான் வேறு வார்த்தையில் கேட்டேன். டாக்டர் மேசையில் எதையோ தேடினார். "அளக்க ஒரு டேப் வேணுமே" என்றார். என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வயிறு முப்பத்தொன்று, சீட் நாற்பத்து மூன்று.

"கொழுப்பு எவ்வளவுங்கிறது ஒரு கேள்வி. எங்க இருக்குங்கிறது வேற கேள்வி" என்றார். "ஒங்களுக்குத் தொடையிலயும் பின்பக்கமும் தோலுக்கு அடியில இருக்கு. அது பெரும்பாலும் பேசாமக் கெடக்கும். முட்டிக்குத்தான் பாரம். வயித்துக்குள்ள, கொடலச் சுத்தி, ஈரல் பக்கம் சேர்றது இருக்கு பாருங்க, அது சும்மா இருக்காது. சக்கர, ரத்தக்கொதிப்பு, நெஞ்சுவலி, எல்லாத்துக்கும் அது கதவு தொறந்து உடும். நான் படிச்ச பிரெஞ்சுப் புஸ்தகத்துல ரெண்டு ஒடம்பப் பக்கத்துல பக்கத்துல படம் போட்டு வெளக்கியிருந்துச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவர், பக்கத்து ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து நிறுத்தினார். சட்டைப் பொத்தான்கள் நடுவில் இழுத்துக்கொண்டு நின்றன.

"சார், நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

"நானா? எனக்கு ஒண்ணும் இல்லீங்களே. நான் அறுபது கிலோதான்."

"எந்திரிங்க. அம்மா, நீங்கதான டெய்லரு, நீங்களே எடுங்க."

தொப்புளைச் சுற்றி நாடாவைப் போட்டேன். முப்பத்தேழரை. சீட்டைச் சுற்றிப் போட்டேன். முப்பத்தைந்து. வயிறு சீட்டை மிஞ்சினால் பேன்ட் இடுப்பில் நிற்காது என்று சொல்லி எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன். அந்த அரை அரை அங்குலமெல்லாம் என் கையால் பிரித்துவிட்டவை.

"அப்பா இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க. கால்ல கிளிஞ்சல் குத்தி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

வீட்டுக்காரரின் குழாயைக் கம்பவுண்டர் காய்ச்சியபோது நான் கண்ணை மூடவில்லை. நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. போதும் நில் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆரஞ்சில் வந்து நின்றது. ரத்தக்கொதிப்பும் கூடுதலாக இருந்தது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. மாமனாரின் வெட்டிய காலும் அதைச் சுற்றிய துணியும் கண்ணுக்குள் வந்து நின்றன. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் மேல் இல்லை. வருஷா வருஷம் என் பங்கையும் அவர் தட்டில் தள்ளி, அதற்குப் புண்ணியக் கணக்கும் எழுதிக்கொண்ட என் மேல்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "ஆரம்பந்தான். மாத்திரை இப்ப வேணாம். வயித்துக் கொழுப்புல ஒரு நல்லது இருக்கு, சீக்கிரம் வருது, முயற்சி பண்ணா சீக்கிரம் போவும். ஒரு வேள அளவாச் சோறு. மத்த வேளைக்குக் காய்கறியும் மோருந்தான், வறுத்தது இனிப்பு எதுவும் வேணாம். காலையில நடங்க. எடைய நம்பாதீங்க, அந்தம்மா டேப்ப நம்புங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க ஒருசந்திய விட்டுடணும். கோயில் சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வேணும்னா சார் புடிக்கட்டும்."

அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசலாற்றுப் பாலத்துக்கு வந்ததும், "மிச்ச ஒருசந்திய நான் வாங்கிக்கிறேன்" என்றார்.

"வாங்கிக்கிறதுக்கு அது என்ன காய்கறிப் பையா?" என்றேன். அவர் சிரித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்த அண்ணி கண்ட காட்சி: நான் தட்டு நிறைய இட்லி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எதிரே அவர் தம்பி ஒரு டம்ளர் மோரும் வெள்ளரிக்காயுமாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம். கம்பவுண்டர் குழாயைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டான் என்றார். "புருஷனப் பட்டினி போட்டுட்டுத் தான் மட்டும் திங்கிற பொண்டாட்டிய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஐந்து மாதம் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. முதல் வாரம் எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் காற்றோட்டமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உயிர்த்த ஞாயிறோடு ஊருக்குத் தவக்காலம் முடிந்தது, அவருக்கு முடியவில்லை. விடிந்ததும் ஆற்றங்கரையோடு கடற்கரை வரை நடந்துவிட்டு வருவார், செருப்பில்லாமல் மணலில் கால் வைக்க நான் விடமாட்டேன். டாக்டர் ஒரு குழாயும் நீல மருந்தும் வீட்டுக்கே கொடுத்திருந்தார். சனிக்கிழமைதோறும் கொல்லைப்புறத்தில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றி அவர் காய்ச்சுவார். நான் என் நூல்கண்டுப் பெட்டியைக் கொண்டுபோய் நிறத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பிறகு நாடா. முப்பத்தேழு, ஆரஞ்சு. முப்பத்தாறே முக்கால், ஆரஞ்சு. ஐந்து வாரம் அந்த ஆரஞ்சு நூல்கண்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு வாடிக்கைக்காரி அந்த நிறத்தில் ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தபோது நூல் இல்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

சித்திரை வெயில் தாழ்ந்த பிறகு மஞ்சள் வந்தது. பிறகு பச்சை. நடுவில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடை பார்த்துவிட்டு முகம் வாடி வந்தார். "இவ்வளவு பாடுபட்டும் மூணு கிலோதான் கொறஞ்சிருக்கு" என்றார். நாடாவைப் போட்டுக் காட்டினேன். முழுசாக மூன்று அங்குலம். அட்டையை அவரே கிழித்துப் போட்டார்.

கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின சனிக்கிழமை, கொல்லையிலிருந்து குரல் வந்தது. "இந்தாம்மா, கொஞ்சம் வா." குரலில் ஏதோ இருந்தது, தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு விட்டுவிட்டு ஓடினேன். குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நீல நூல்கண்டைப் பக்கத்தில் வைத்தேன். இன்னொரு முறை காய்ச்சச் சொன்னேன். அதுவும் நீலம். திங்கட்கிழமை டாக்டரிடம் கம்பவுண்டரே காய்ச்சினார், அதே நீலம், ரத்தக்கொதிப்பும் இறங்கியிருந்தது. என் வயிற்றில் பாலை வார்த்தது. அன்று சாயங்காலம் அவர் பேன்ட்டை எடுத்து, நான் வைத்த முக்கோண ஒட்டைப் பிரித்து எறிந்து, பழைய தையல் தடத்திலேயே திரும்பத் தைத்தேன். இத்தனை வருஷத் தையல்வேலையில் எனக்கு அவ்வளவு பிடித்த தையல் வேறு இல்லை.

அந்த நீலம் அப்படியே நின்றுவிட்டது என்று கதை விட மாட்டேன். எண்பதுகளில் இரண்டு முறை பச்சைக்குத் திரும்பியது. இரண்டு முறையும் குழாய் காட்டும் முன்பே பேன்ட் இறுகி எனக்குச் சொல்லிவிட்டது, அவரும் முணுமுணுத்துக்கொண்டே மோருக்குத் திரும்பினார். ஐம்பத்து நாலைத் தாண்டுவாரா என்ற பயம் என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. என் சீட் நாற்பத்து மூன்றிலேயே இருந்தது. கோயில் பெஞ்சில் யாராவது நகர்ந்து கொடுத்தால் நன்றாக விரிந்து உட்கார்ந்துகொள்வேன்.

முதல்முறை நீலம் வந்த அந்த வருஷக் கொடியேற்றம் வெள்ளிக்கிழமையில் வந்தது. கறி ஆகாது, அதனால் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். மத்தியானம் நாங்கள் உட்காரும் நேரத்தில் அண்ணி வந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு வருகிறவர், ஒன்றும் நடக்காததுபோல நேரே அடுப்படிக்குப் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். தொந்தி இருந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். குழம்புச் சட்டியிலிருந்து நடுத்துண்டை எடுத்தவரின் கை, பழக்கத்தில் தம்பி தட்டுக்கு மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக இந்தப் பக்கம் வந்து என் தட்டில் வைத்தது.

"தின்னு" என்றார்.

அண்ணி கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளிஞ்சல் எல்லாரு கால்லயுந்தான் குத்துது" என்றார். "மத்தவங்களுக்கு ஆறிப் போயிடுது."

அவர் தம்பி அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அண்ணிக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டேன். பிறகு உட்கார்ந்து, அந்த நடுத்துண்டை முள்ளை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டு முடித்தேன்.